காணிக்காரியைக் கேட்காத கதை

கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து அஷ்பர்ட்டன் பக்கம் காரில் போகிறவர்கள் பேர்னம் இராணுவ முகாமைக் கடந்துதான் போகவேண்டும். நகரத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம். நம் சபையில் சிலர் அந்த வழியால் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். 1997 ஜூலையில், குளிர்காலத்தின் நடுவில், ஒன்பது வருடமாகச் சண்டையில் கிடந்த ஒரு தீவின் தலைவர்கள், போராளிகள், ஊர்ப் பெரியவர்கள், பெண்கள் எல்லோரும் அந்த முகாமில் ஏறத்தாழ இரண்டு கிழமை ஒன்றாகத் தங்கிப் பேசினார்கள். அந்தத் தீவின் பெயர் பூகன்வில். அரசியல்படி பப்புவா நியூகினியைச் சேர்ந்தது. நிலத்தாலும் சனத்தாலும் சொலமன் தீவுகளுக்குத்தான் நெருக்கம்.

இந்தக் கதையை நியூசிலாந்தில் சொல்லும்போது ஒரு பாதியை அழகாகச் சொல்வார்கள். நம் வீரர்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே சமாதானம் செய்தார்கள் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வீரர்கள் போய் இறங்குவதற்கு முன்பே வருடக்கணக்காக அங்கே வேலை நடந்திருந்தது. நம் வாலிபர் ஐக்கியத்தில் சமாதானம் என்ற தலைப்பு வரும்போதெல்லாம், வெளியிலிருந்து ஒரு நல்ல மனிதர் வந்து கொடுத்துவிட்டுப் போகும் பொருளைப் போலத்தான் அதைப் பேசுகிறோம். அதனால் அந்த மற்றப் பாதியை எழுதலாம் என்று நினைத்தேன்.

சண்டை எதனால் வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். பூகன்வில்லின் நடுமலையில் பங்குனா என்றொரு இடம். (நம் பங்குனி மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பெயர் மனதில் நிற்கும்.) அங்கே செம்பும் தங்கமும் இருந்தன. அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியாவின் ஆட்சி. இன்று ரியோ டின்டோ என்று அறியப்படும் நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளை 1972இல் அங்கே பெரிய அளவில் சுரங்கம் தொடங்கியது. 1975இல் பப்புவா நியூகினி சுதந்திரம் பெற்ற பிறகு, நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு குழியிலிருந்து வந்தது. கழிவு மண் ஒரு பில்லியன் தொன்னுக்கு மேல் ஆற்றில் கொட்டப்பட்டது. காணிக்குரியவர்களுக்குக் கிடைத்தது சில்லறை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பூகன்வில்லின் பெரும் பகுதியில் காணி தாய்வழியாகத்தான் வரும். மகளுக்குத்தான் நிலம், மகனுக்கு அல்ல. தெற்கில் பூயின் போன்ற சில பகுதிகள் விதிவிலக்கு. யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி பெண்வழி போவதைப் பார்த்து வளர்ந்த நம் பெற்றோருக்கு இது அவ்வளவு விசித்திரமாக இருக்காது. ஆனால் அரசாங்க அதிகாரிகளும் நிறுவனக்காரரும் வந்தபோது ஆண்களைக் கூப்பிட்டு, ஆண்களிடம் பேசி, ஆண்களிடம் கையொப்பம் வாங்கினார்கள். காணிக்காரியை யாரும் கேட்கவில்லை. 1969இல் ரொரோவானா என்ற கரையோர ஊரில், துறைமுகத்துக்கு நிலம் எடுக்க வந்த இயந்திரங்களுக்கு முன்னால் பெண்கள் போய் நின்றார்கள். பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்துக் கலைத்தது. 1987இல் காணிக்காரர்களின் புதிய சங்கம் உருவானபோது அதன் தலைவியாக வந்தவர் பெர்பெத்துவா செரேரோ என்ற பெண். அவரோடு சங்கத்தில் முன்னுக்கு நின்றவர் பிரான்சிஸ் ஓனா. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. 1988 நவம்பரில் ஓனாவின் ஆட்கள் சுரங்கத்தின் வெடிமருந்தைத் திருடி மின்கம்பங்களைத் தகர்த்தார்கள். 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அது இன்றுவரை திறக்கவில்லை.

பிறகு இராணுவம் வந்தது, போனது. 1990இல் தீவைச் சுற்றித் தடை போட்டார்கள். மருந்து, எரிபொருள், உடுப்பு, சவர்க்காரம் எதுவும் உள்ளே போகக்கூடாது.

தாதியாக வேலை செய்யும் எனக்கு இந்தத் தடைக் காலம்தான் முதலில் கண்ணில் படுகிறது. மலேரியா உள்ள ஒரு தீவில் மலேரியா மருந்து இல்லாமல் போவது என்றால் என்ன? பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் நிற்காத தாய்க்கு ஒரு ஊசி போட வழியில்லாவிட்டால் எத்தனை நிமிடம் இருக்கிறது? நுவரெலியாவில் படித்திருந்தாலும் கிறைஸ்ட்சேர்ச்சில் படித்திருந்தாலும் எந்தத் தாதிக்கும் இதற்கு விடை தெரியும். பூகாவைச் சேர்ந்த ஹெலன் ஹகேனா என்ற ஆசிரியை, அந்த 1990இல் கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தில், எந்த மருத்துவ உதவியும் இல்லாமல் பிள்ளை பெற்றார். அதே காலத்தில் பிள்ளை பெற முடியாமல் இறந்த பெண்களைப் பற்றி அவர் பிறகு பல நாடுகளில் பேசியிருக்கிறார். போரிலும் தடையிலுமாக 15,000 முதல் 20,000 பேர் வரை இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தீவின் மொத்தச் சனத்தொகையே அப்போது இரண்டு இலட்சத்துக்குக் குறைவு. இறந்தவர்களில் எத்தனையோ பேர் ஒரு சூடும் படாமல், வெறும் காய்ச்சலால் இறந்தவர்கள்.

அதே 1990இல் நம் வடபகுதியிலும் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும் நம் வீடுகளில் அப்பாமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பூகன்வில்காரர் தேங்காய் எண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். இரண்டு தீவுச் சனமும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதே இல்லை.

அங்கே நடந்த சண்டையை வெறுமனே அரசாங்கத்துக்கும் போராளிகளுக்கும் நடந்த சண்டை என்று சொல்லிவிட முடியாது. புரட்சி இராணுவம் ஒரு பக்கம். அதை எதிர்த்து, அரசாங்க இராணுவத்தோடு சேர்ந்து நின்ற பூகன்வில்காரரின் எதிர்ப்புப் படை இன்னொரு பக்கம். ஒரே ஊர், ஒரே குலம், சில இடங்களில் ஒரே வீடு. அண்ணன் காட்டுக்குள், தம்பி இராணுவ முகாமுக்குப் பக்கத்தில். சனத்தில் ஒரு பகுதி மலைக்குள் ஒளிந்திருந்தது, இன்னொரு பகுதி அரசாங்கத்தின் பராமரிப்பு நிலையங்கள் என்ற பெயரில் இருந்த முகாம்களில் அடைபட்டிருந்தது.

சமாதானப் பேச்சுக்கள் நடக்காமல் இல்லை. 1990 ஆகஸ்ட்டில் நியூசிலாந்தின் 'எண்டவர்' என்ற கடற்படைக் கப்பலில் வைத்து ஓர் உடன்பாடு கைச்சாத்தானது. சில கிழமைகளில் அது முறிந்தது. 1994 அக்டோபரில் அராவா நகரில் பெரிய சமாதான மாநாடு கூட்டினார்கள். புரட்சி இராணுவத்தின் பெரிய தலைவர்கள் அதற்கு வரவில்லை. அதன் பிறகு இடைக்கால அரசாங்கத்தின் தலைவராக வந்த தியோடோர் மிரியுங் இரண்டு பக்கமும் பேசக்கூடிய மனிதர். 1996 அக்டோபரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1997இன் தொடக்கத்தில் அரசாங்கம் சாண்ட்லைன் என்ற கூலிப்படை நிறுவனத்தைக் கொண்டுவந்தது. நாட்டின் இராணுவத் தளபதியே அதை எதிர்த்து நின்றார், பிரதமர் ஒதுங்க நேர்ந்தது. ஆயுதத்தால் முடியாது என்பது அதோடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் என்ன செய்தார்கள்? முகாம்களில் இருந்த பெண்கள் சபைகளின் வழியாகச் சேர்ந்தார்கள். கத்தோலிக்கச் சகோதரி லொரெய்ன் கராசுவும் மற்றவர்களும் சபைகளுக்கிடையிலான பெண்கள் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். கத்தோலிக்கர், ஐக்கிய சபையார், ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். (ஐக்கிய சபையின் பூகன்வில் வேர், நியூசிலாந்து மெதடிஸ்ட் மிஷன். இங்கிருந்து போன தாதிகளும் ஆசிரியைகளும் அங்கே வேலை செய்திருக்கிறார்கள்.) காட்டுக்குள் இருந்த பெண்கள் 1995இல் சமாதானத்துக்கும் விடுதலைக்குமான பெண்கள் என்று தங்களுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொண்டார்கள். ஹெலன் ஹகேனா பூகாவில் இன்னொன்று தொடங்கியிருந்தார். தாய்மார் காட்டுக்குள் நடந்துபோய், துப்பாக்கியோடு இருந்த தங்கள் மகன்மாரைக் கண்டு பேசினார்கள். எதிர்ப்பக்கத்து மகன்மாரிடமும் பேசினார்கள். குலத்தின் காணி அம்மாவுடையது என்றால், அம்மா வந்து போதும் என்று சொல்லும்போது அதற்கு அங்கே தனி எடை உண்டு. 1996 ஆகஸ்ட்டில் ஏறத்தாழ 700 பெண்கள் அராவாவில் ஒரு கிழமை கூடினார்கள். எந்தப் பக்கத்து எல்லையைக் கடந்து எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதே தனிக் கதை.

பேர்னமுக்கு வருவோம். முதல் கூட்டத்தில் பூகன்வில்காரர் மட்டும்தான். பப்புவா நியூகினி அரசாங்கம் அந்த மேசையில் இல்லை. நியூசிலாந்துக்காரர் இடம் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், படுக்கை கொடுத்தார்கள், பிறகு தள்ளி நின்றார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் முன்பு நடந்த பேச்சுக்களில் இல்லாதது இதுதான். அரசாங்கத்தோடு என்ன கேட்பது என்பதற்கு முன், தங்களுக்குள்ளேயே யார் யாரைக் கொன்றார்கள், இனி எப்படி ஒரே ஊரில் இருப்பது என்று பேச அவர்களுக்கு இடம் கிடைத்தது. அக்டோபரில் இரண்டாம் கூட்டம், அதில் போர் ஓய்வு. 1998 ஜனவரி 23இல், நம் பிள்ளைகள் சிலர் இன்று படிக்கும் லிங்கன் பல்கலைக்கழகத்தில் அடுத்த உடன்பாடு. அங்கே வந்திருந்த பெண்கள் ஐம்பது பேரளவில். அவர்கள் தங்கள் பெயரில் தனி அறிக்கை ஒன்றை வைத்தார்கள்: நிலத்தின் பாதுகாவலர் நாங்கள், அரசியல் பேச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

கிற்றாரோடு போன வீரர்களின் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பீஜி, வனுவாட்டு நாடுகளிலிருந்து போன கண்காணிப்புக் குழு ஆயுதம் இல்லாமல் போனது. ஆயுதம் இல்லாத அந்நியனை ஊர்தான் காக்கவேண்டும். அவர்களைக் காக்க அங்கே ஊர்கள் தயாராக இருந்தன. அந்தத் தயாரிப்பைச் செய்தவர்களின் பெயர்கள் இங்கே யாருக்கும் தெரியாது என்பதுதான் என் குறை.

2001 ஆகஸ்ட் 30இல் அராவாவில் முழுச் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. தன்னாட்சி, ஆயுதக் களைவு, பிறகு ஒரு சர்வசன வாக்கெடுப்பு. ஆயுதக் களைவு எப்படி நடந்தது என்று வாசித்தபோது எனக்கு எங்கள் வார்ட்டின் மருந்து அலுமாரி நினைவுக்கு வந்தது. மோர்ஃபின் போன்ற மருந்தை ஒரு தாதி தனியாக எடுக்கமுடியாது. இரண்டு பேர் நின்று, எண்ணி, இரண்டு பேரும் கையொப்பம் வைக்கவேண்டும். நான் திருடுவேன் என்று யாரும் நினைத்து வைத்த விதி இல்லை அது. பூகன்வில்லில் துப்பாக்கிகளைக் கொள்கலன்களில் போட்டு இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி உள்ளூர்ப் படைத் தளபதியிடம், மற்றச் சாவி ஐ.நா. அலுவலகத்திடம். ஒருவர் தனியாகத் திறக்கமுடியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடு என்று கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். இப்படிப் படிப்படியாக ஏறத்தாழ 2,000 ஆயுதங்கள் சேர்க்கப்பட்டன.

எல்லோரும் உள்ளே வந்துவிடவில்லை. பிரான்சிஸ் ஓனா எந்த உடன்படிக்கையிலும் கையொப்பம் வைக்கவில்லை. பங்குனாவைச் சுற்றி யாரும் நுழையக்கூடாத பகுதி என்று தடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். 2005 ஜூலையில் மலேரியாவால் இறந்ததாகச் செய்தி வந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அவர் வெளியே நின்றதால் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மருந்தகமும் மற்றவர்களைவிடப் பிந்தியே போய்ச் சேர்ந்தன.

அங்கே ஒப்புரவு செய்யும் முறையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. டோக் பிசின் மொழியில் 'பெல்' என்றால் வயிறு, மனமும் அதுதான். 'பெல் கோல்' என்றால் வயிறு குளிர்தல். நமக்கும் வயிறு எரியும், வயிறு குளிரும். அதனால் விளக்கம் வேண்டாம். கொலை நடந்த குடும்பத்திடம் கொன்ற குடும்பம் முதலில் போய் அந்தச் சூட்டைத் தணிக்கும் சடங்கு அது. அதோடு முடியாது. பிறகு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் பேச்சு. என்ன நடந்தது, யார் கட்டளை போட்டது, உடலை எங்கே புதைத்தீர்கள். கடைசியில் பன்றி, சங்குக் காசு, ஜெபம். அம்பையோ ஈட்டியையோ முறிப்பார்கள், கல்லைப் புதைப்பார்கள், பாக்கைப் பகிர்ந்து மெல்லுவார்கள். நம் பாட்டிமாரின் வெற்றிலைத் தட்டத்தை மிஷனரிமார் அவ்வளவு விரும்பவில்லை என்று கேள்வி. பூகன்வில் சபைகள் அந்தப் பாக்கை ஒப்புரவின் நடுவிலேயே வைத்திருக்கின்றன.

இதை வாசித்தபோது எனக்கு நம்மைப் பற்றி ஒரு சங்கடம் வந்தது. நம் மேடைகளில் மன்னிப்பு என்று பேசும்போது பெரும்பாலும் மறந்துவிடு என்றுதான் அர்த்தப்படுத்துகிறோம். மலைப்பிரசங்கத்தில் காணிக்கையையும் சகோதரனையும் பற்றி வரும் பகுதி அப்படிச் சொல்லவில்லை. முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போகச் சொல்கிறது. பூகன்வில்லில் பல குடும்பங்கள் எலும்பு கிடைக்கும்வரை ஒப்புரவு முடிந்ததாக ஏற்றுக்கொள்வதில்லை. அங்கே தன்னாட்சி அரசாங்கம் 2014இல் காணாமற்போனோருக்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது, பக்கம் பார்க்காமல் எல்லாக் குடும்பத்துக்கும் அவர்களுடைய ஆளைத் தேடிக் கொடுப்பதற்கு. 2017இலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மாரிடம் போய், மன்னித்து மறந்துவிடுங்கள் அம்மா என்று சொல்ல நம்மில் யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு 2019 நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 வரை நடந்தது. 1,81,067 பேர் வாக்களித்தார்கள். அதில் 1,76,928 பேர் சுதந்திரம் வேண்டும் என்றார்கள், 97.7 சதவீதம். ஆனால் 2001 உடன்படிக்கையின்படி அந்த முடிவு தானாகச் சட்டமாகாது. இரண்டு அரசாங்கங்களும் கலந்து பேசி, பிறகு பப்புவா நியூகினிப் பாராளுமன்றம் ஏற்கவேண்டும். நம் தமிழ்க் கூட்டங்களில் இதைச் சொன்னால் உடனே கோபப்படுவார்கள்: இது என்ன ஏமாற்று, 97 சதவீதம் சொன்ன பிறகும் காத்திருப்பதா? கோபம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தத் தாமதத்துக்குச் சம்மதித்ததால்தான் 2001இல் துப்பாக்கி ஓய்ந்தது. வாக்கெடுப்பை 10 முதல் 15 வருடம் தள்ளிப்போட்டதால் இடையில் பள்ளிக்கூடம் நடந்தது, பிள்ளைகள் தடுப்பூசியோடு வளர்ந்தார்கள், அந்தப் பிள்ளைகளே போய் வாக்களித்தார்கள். இனியும் தள்ளிப்போடலாமா என்பது வேறு கேள்வி. தள்ளக்கூடாது என்பது என் கருத்து; பொறுத்திருந்தவர்களைப் பொறுத்ததற்காகவே தண்டிப்பதாக முடியும். 2025 ஜூனில் இரண்டு அரசாங்கத்தாரும் மறுபடியும் இதே பேர்னமுக்கு வந்தார்கள். நடுவராக இருந்தவர் ஜெரி மாத்தேபாராய், 1998இல் அந்த ஆயுதமில்லாக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், பிறகு நம் நாட்டின் ஆளுநர் நாயகமாக இருந்தவர். மெலனீசிய உடன்பாடு என்று ஒன்றில் கையொப்பம் வைத்துப் போனார்கள். பூகன்வில்லின் தலைவர் இஸ்மவேல் டொரோவாமா ஒரு காலத்தில் புரட்சி இராணுவத்தின் தளபதி. 2027 செப்டம்பர் முதலாம் திகதியை அவர் சுதந்திர நாளாகக் குறித்திருக்கிறார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது கொடியும் திகதியும் இல்லை. அங்கே ஆட்சியை எப்படி அமைத்தார்கள் என்பதுதான். 2005இல் தொடங்கிய தன்னாட்சிச் சபையில் பெண்களுக்கு 3 இடம், முன்னாள் போராளிகளுக்கு 3 இடம் ஒதுக்கினார்கள். வடக்கு, மத்தி, தெற்கு என்று ஒவ்வொன்றிலிருந்தும். துப்பாக்கி எடுத்தவனுக்கு எதற்குக் கதிரை என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கதிரை இல்லாத போராளி எங்கே போவான்? பங்குனா மலையை நினைத்துப் பாருங்கள்.

பெண்களுக்கான 3 இடத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அது இல்லாவிட்டால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள் என்பது உண்மை. அதே நேரம், உனக்குத்தான் 3 இடம் இருக்கிறதே, பொது இடத்துக்கு ஏன் வருகிறாய் என்று சொல்லவும் அது வசதி. பொதுத் தொகுதி ஒன்றில் முதல் முறையாக ஒரு பெண் வெல்ல 2015வரை ஆனது, ஜோசபின் கெட்சி. 2020இல் பங்குனா இருக்கும் தொகுதியிலேயே தியோனிலா ரோக்கா மாட்போப் வென்றார். சுரங்கக் கழிவால் பாதிக்கப்பட்ட 156 பேரோடு சேர்ந்து ரியோ டின்டோவுக்கு எதிராக முறைப்பாடு கொடுத்தவர் அவர். அதன் பிறகுதான் நிறுவனம் சுரங்கத்தின் பாதிப்பை ஆராயச் சம்மதித்தது. எந்தக் காணிக்காரியைக் கேட்காமல் குழி தோண்டினார்களோ, அதே ஊர்ப் பெண் இன்று கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறார்.

என்னை அதிகம் கவர்ந்தது 2016இல் கொண்டுவந்த ஊராட்சிச் சட்டம். ஒவ்வொரு வட்டாரமும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தெரிவு செய்யவேண்டும். மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்ற கணக்கில்லை. இரண்டு பேர், ஒருவர் ஆண், ஒருவர் பெண். தண்ணீர்க் குழாய் எங்கே வரவேண்டும், பிரசவத்துக்கு எந்த வழியால் கொண்டுபோவது என்பதெல்லாம் இந்த மட்டத்தில்தான் தீர்மானமாகிறது. பாராளுமன்றத்தைவிட இது முக்கியம் என்பது ஒரு தாதியின் பக்கச்சார்பாகவும் இருக்கலாம்.

இதை ஒரு சொர்க்கமாக நான் காட்டக்கூடாது. 2013இல் ஐ.நா. அமைப்புகள் ஆசிய பசிபிக்கின் ஆறு நாடுகளில் ஆண்களிடமே கேட்டு ஒரு ஆய்வை வெளியிட்டன. இலங்கையும் அதில் ஒன்று. பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதாக ஒப்புக்கொண்ட ஆண்களின் விகிதம் பூகன்வில்லில்தான் மிக அதிகம். காட்டிலிருந்து வந்த துப்பாக்கியைக் கொள்கலனில் பூட்டலாம். வீட்டுக்குள் வந்ததற்குப் பூட்டு இல்லை. சகோதரி லொரெய்ன் கராசு சபாய் என்ற இடத்தில் நடத்திய நாசரேத் நிலையம், அடிபட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தங்க இடம் கொடுத்து வருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், இங்கேயும் படியில் விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு வரும் அக்காமார் உண்டு. நம்மவர்களும் உண்டு.

இப்போது நம் சபைக்கு. நமக்கு ஒன்பது வட்டார ஜெபக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சபைக் குழுவுக்கு ஒருவரை அனுப்புகிறது. போன மூன்று வருடமாக அந்த ஒன்பது பேரில் பெண் ஒருவர். பெண்கள் ஐக்கியத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அதைக் காட்டி மற்ற எட்டையும் முடித்துவிடுகிறோம். சமையலறையைத் திருத்த 40,000 டொலர் ஒதுக்கியபோது, அந்தச் சமையலறையில் ஒருநாளும் ஒரு பானை தூக்காதவர்கள் கூடி, அடுப்பு எங்கே வைப்பது என்று முடிவு செய்தார்கள். கதவுக்கு நேரே வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு ஜெபக் குழுவும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பவேண்டும், அந்த இருவரில் ஒருவராவது 30 வயதுக்குக் குறைந்தவராக இருக்கவேண்டும். குழு பெரிதாகிவிடும், கூட்டம் நீளும் என்று போதகர் ஐயா சொன்னார். நீளும்தான். பேர்னமில் இரண்டு கிழமை எடுத்தது. பொதுக்கூட்டத்தில் பிரேரணையை எடுக்கப் பத்துக் கையொப்பம் வேண்டும், இதுவரை ஆறு இருக்கிறது. தாள் ஆலய வாசலில், அறிவித்தல் பலகையின் இடது பக்கம் ஒட்டியிருக்கிறது. 18 வயதாகிய தம்பி தங்கைகளும் கையொப்பம் வைக்கலாம்.